எட்டு அங்குல ஃபுல் ரேஞ்ச்: பெட்டியைத் திருத்துவதா, கோனைத் திருத்துவதா?

அம்மாபேட்டைக்காரன்

பெரியப்பா வீட்டுப் பழைய ஸ்டீரியோ ரேடியோகிராமின் மரப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே இருந்த எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும் நல்ல நிலையில் என்னிடம் வந்தன. காகிதக் கோன், நடுவில் விஸ்ஸர் என்று சொல்லும் சின்னக் கூம்பு, ஓரத்தில் மடிப்பு மடிப்பாகக் காகிதச் சரவுண்ட். மேல் சுருதிக்குத் தனி ட்வீட்டர் இல்லை, ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் இல்லை. எல்லாவற்றையும் இந்த ஒரு கோனே பாட வேண்டும்.

முக்கால் இஞ்ச் பிளைவுட்டில் ஆசாரியிடம் சொல்லி இரண்டு பெட்டி செய்தேன். உள்ளளவு அகலம் 26, உயரம் 75, ஆழம் 30 சென்டிமீட்டர்; ஏறக்குறைய 60 லிட்டர். முழுக்க மூடிய பெட்டி. சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கேட்கிறேன்.

குரல் ஒரே இடத்தில் நிற்கிறது. பாடுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கை நீட்டிக் காட்டலாம். இதுவரை வீட்டில் இருந்த எந்த ஸ்பீக்கரிலும் இது கிடைத்ததில்லை. ஆனால் டி.எம்.எஸ். குரலில் நெஞ்சின் கனம் இல்லை, தொண்டைக்கு மேல்தான் கேட்கிறது. காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகிறது.

விசாரித்த இடத்தில் எல்லாம், கோனின் நடுவை மூடியிருக்கும் டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் மரக்குமிழ் வையுங்கள், கோனுக்கு வார்னிஷ் பூசுங்கள் என்கிறார்கள். செய்யலாமா? அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்து அறையில் தறி ஓடுகிறது.

குகை வால்வு ரேடியோ

தம்பி, கத்தியைக் கீழே வையுங்கள். கோனைத் தொடுவது கடைசி வேலை. பூசிய வார்னிஷைக் காகிதத்திலிருந்து பிரிக்க முடியாது, வெட்டிய டஸ்ட் கேப் பழையபடி ஒட்டாது. பெட்டியை நகர்த்தினால் திரும்ப நகர்த்தலாம், ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் கழற்றலாம். திரும்ப எடுக்கக் கூடியதை எல்லாம் செய்து பார்த்த பிறகும் குறை மிச்சமிருந்தால் அப்போது கோனைப் பற்றிப் பேசுவோம்.

நெஞ்சில்லாத குரலுக்குக் காரணம் ஸ்பீக்கரே இல்லை, உங்கள் பெட்டியின் அகலம். உயர்ந்த சுருதிகளுக்கு அலைநீளம் சின்னது. முன்பலகை அவற்றுக்கு ஒரு சுவராக நின்று முழு ஒலியையும் உங்கள் பக்கம் தள்ளும். தாழ்ந்த சுருதிகளுக்கு அதே பலகை போதாது. ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் போய்விடும். திறந்த வெளியில் இந்த இழப்பு 6 டெசிபல் வரை இருக்கும். இதை பேஃபிள் ஸ்டெப் என்கிறோம்.

எந்த இடத்தில் இது நடக்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 115 என்ற எண்ணைப் பலகையின் அகலத்தால், மீட்டரில், வகுக்க வேண்டும். பிளைவுட் கனத்தையும் சேர்த்தால் உங்கள் முன்பலகை 30 சென்டிமீட்டர். விடை ஏறக்குறைய 380 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் உடம்பு அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது, எழுத்தின் கூர்மை அதற்கு மேலே. கீழே இருப்பது குறைந்து ஒலித்தால் நீங்கள் சொன்ன குறை அப்படியே வரும்.

ரேடியோகிராமில் இந்தக் குறை தெரிந்திருக்காது. அதன் முன்பக்கம் முழுக்க ஒரே அகலப் பலகை, பின்பக்கம் திறந்தது, சுவரை ஒட்டி நிற்கும். அந்த வீட்டுக்காகச் செய்த கோன் இப்போது ஒல்லியான பெட்டியில் நிற்கிறது.

புதிய காது

அண்ணா, நான் ஐந்து அங்குல ஃபுல் ரேஞ்ச் ஒன்றில் டஸ்ட் கேப்பை எடுத்துவிட்டு ஃபேஸ் பிளக், அதாவது அந்த நடுக்குமிழ், வைத்தேன். மேல் ஸ்தாயி தெளிவானது. டஸ்ட் கேப்புக்கு அடியில் அடைபடும் காற்று தனியாக அதிர்வதும், கேப்பே தனியாக ஒலிப்பதும் போய்விடுகிறது. இது வெறும் கற்பனை இல்லை.

செவ்வாய்ப்பேட்டை கோன் மாஸ்டர்

தம்பி சொல்வது சரிதான், அந்தப் பலன் உண்டு. ஆனால் கேள்வி கேட்டவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். சேலம் அம்மாபேட்டை, பக்கத்து அறையில் தறி. காற்றில் எந்நேரமும் பஞ்சுத் தூசி. டஸ்ட் கேப் இருப்பதே, கோனை ஆட்டும் கம்பிச்சுருளான காயில் ஓடும் இடுக்குக்குள் எதுவும் போகாமல் தடுக்கத்தான். அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. பஞ்சு இழையோ இரும்புத் துகளோ உள்ளே போனால் காந்தத்தின் இழுப்பிலும் காயிலின் உரசலிலும் மாட்டிக்கொள்ளும். கரகரவென்று வரும் பாதி ஸ்பீக்கர்களைப் பிரித்தால் உள்ளே இதுதான்.

நான் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ரீகோன், அதாவது கிழிந்த கோனுக்கு மாற்றுக் கோன் போடும் வேலை, செய்து பிழைப்பவன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்தால் என் கடை வாசலில் கிழிந்த கோன்கள் வரிசையாக வரும். அவற்றுக்கு மாற்றுக் கோன் கிடைக்கும். உங்கள் ரேடியோகிராம் கோனுக்குக் கிடைக்காது. அளவு பொருந்தும் கோன் கிடைக்கும். கனமும் காகிதமும் வேறாக இருக்கும், ஒலியும் வேறாகத்தான் வரும்.

வார்னிஷைப் பற்றி ஒரு கணக்கு கேளுங்கள். எட்டு அங்குல ஃபுல் ரேஞ்சில் ஆடும் பாகம் முழுவதும் சேர்ந்தே பதினைந்து கிராமைத் தொடாத ஸ்பீக்கர்கள் உண்டு. அதில் பூச்சு இரண்டு கிராம் ஏறினால் ஒரு டெசிபலுக்கு மேல் ஓசை குறையும். இரண்டு கோனிலும் ஒரே அளவு ஏறினால் பரவாயில்லை. கையால் பூசும்போது ஏறாது. ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் போனால், நீங்கள் பிடித்துப்போனதாகச் சொன்ன அந்த நடுவில் நிற்கும் குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஓமலூர் ஒலி

எல்லோரும் பேசுவதற்கு முன் அந்த ஸ்பீக்கரை அளந்துவிடலாம். 1925-இல் ரைஸும் கெல்லாக்கும் இன்றைய வடிவிலான ஸ்பீக்கரை எழுதிக் காட்டிய பிறகு, பெட்டி செய்வது வெகுகாலம் கைப்பழக்கமாகவே இருந்தது. 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 70-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால், இருவரும் அதைக் கணக்காக்கினார்கள். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களை வீட்டிலேயே எடுக்கலாம். கணினி, ஒலியை அளக்க இலவசமாகக் கிடைக்கும் ஆர்.ஈ.டபிள்யூ. மென்பொருள், ஒரு ரெசிஸ்டர், கொஞ்சம் களிமண் போதும்.

முதலில் ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றிக் காற்றில் வைத்து இம்பீடன்ஸ், அதாவது ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் அது காட்டும் மின்தடை, எடுங்கள். உச்சி எந்த ஹெர்ட்ஸில் வருகிறதோ அதுதான் ஒத்ததிர்வு எண். அப்புறம் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சரியாக 10 கிராம் எடுத்து, டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சமமாக ஒட்டி மறுபடி எடுங்கள். உச்சி கீழே இறங்கும். நாணயத்தை வைக்காதீர்கள், இப்போதைய ஒரு ரூபாய்க் காசு எஃகு. கீழே இருக்கும் காந்தம் இழுக்கும்.

10 கிராம் சரியாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு போதாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் வெள்ளிப்பட்டறையில் கேட்டால் மில்லிகிராம் சுத்தமாக நிறுத்துத் தருவார்கள்.

அம்மாபேட்டைக்காரன்

அளந்துவிட்டேன். பட்டறையில் களிமண்ணை நிறுத்துக் கொடுத்தவர் எதற்கு என்று கேட்டு, முழுக் கதையையும் நின்று கேட்டார்.

காற்றில் 62 ஹெர்ட்ஸ். 10 கிராம் ஏற்றியதும் 47. மென்பொருள் சொன்ன மொத்த க்யூ, அதாவது அந்த ஒத்ததிர்வு எவ்வளவு அடங்காமல் ஆடுகிறது என்ற எண், 0.7. இரண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வருகின்றன.

ஓமலூர் ஒலி

அருமையான ஜோடி. 62-ஐ 47-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கழித்தால் 0.74. 10 கிராமை அதால் வகுத்தால் ஆடும் பாகத்தின் எடை 13.5 கிராம். கோன் மாஸ்டர் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள்.

அந்த எடையையும் கோனின் பரப்பையும் வைத்தால், சேலத்துக் காற்றில் இதன் வாஸ், அதாவது கோனின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு, 30 லிட்டர் அருகே வருகிறது. 60 லிட்டர் மூடிய பெட்டியில் க்யூ 0.86, ஒத்ததிர்வு 76 ஹெர்ட்ஸ். மூடிய பெட்டிக்கு இது நல்ல எண்தான். தாழ்ந்த சுருதியில் லேசான மேடு இருக்கும், பள்ளம் இருக்காது. ஆகவே பெட்டியின் கொள்ளளவு உங்கள் குறைக்குக் காரணம் இல்லை. வால்வு ரேடியோ அண்ணன் சொன்ன பேஃபிள் ஸ்டெப் மட்டும்தான்.

க்யூ 0.7 என்பது திறந்த முதுகுப் பெட்டிக்காகவே வைத்த எண். காந்தம் சின்னது, கோனைப் பிடித்து நிறுத்தும் பலம் குறைவு. துளை வைத்த பாஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் இதைப் போட்டால் தொளதொளவென்று ஆடும்.

புதிய காது

அப்படியென்றால் ஹார்ன்? ஜப்பானில் நகாவோகா டெட்சுவோ வரைந்த பேக் லோடட் ஹார்ன் பெட்டிகளை, அதாவது கோனின் பின்பக்க ஒலியை விரிந்துகொண்டே போகும் குழாய் வழியாக வெளியே விடும் பெட்டிகளை, ஃபாஸ்டெக்ஸ் ஸ்பீக்கர்களோடு எத்தனையோ பேர் செய்கிறார்கள். அல்லது இங்கிலாந்தின் பால் வாய்ட் பெயரில் வரும் அந்த உயரமான குழாய்?

குகை வால்வு ரேடியோ

பெரிய காந்தமும் லேசான கோனும், க்யூ 0.2, 0.3 என்று இருக்கும் ஸ்பீக்கருக்குத்தான் பேக் லோடட் ஹார்ன். அந்த ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதி இயல்பாகவே அடங்கிக் கிடக்கும், ஹார்ன் அதைத் தூக்கிக் கொடுக்கும். இதில் ஏற்கெனவே அடங்கவில்லை. தூக்கினால் தவிலில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் மட்டும் அறை முழுக்க உருளும்.

வாய்ட் பைப் இதைவிடப் பொருத்தம். 62 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 1.4 மீட்டர். முழு பிளைவுட் ஷீட் வாங்கிப் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்வேன். செய்து முடித்த நல்ல பெட்டியை உடைக்கச் சொல்ல மாட்டேன். முதலில் காசில்லாத வேலைகள் இரண்டு:

பெட்டியைப் பின்சுவரை நோக்கித் தள்ளுங்கள், இருபது சென்டிமீட்டர் இடைவெளி போதும். பின்னால் ஓடிய ஒலியைச் சுவர் திருப்பித் தரும். மூலைக்கு மட்டும் போகாதீர்கள். பன்னிரண்டு அடி நீள அறை 47 ஹெர்ட்ஸில் தானே பாட ஆரம்பிக்கும், மூலையில் அது இன்னும் கூடும்.

இரண்டாவது, பெட்டியின் முகத்தை உங்கள் காதை நோக்கித் திருப்பாதீர்கள். எட்டு அங்குலக் கோனின் ஒலி 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒடுங்கிக்கொண்டே போகும். இரண்டு முகமும் உங்களுக்கு முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி உள்பக்கம் திருப்புங்கள். விஸ்ஸரின் கூர்மை நேராகக் காதில் விழாது, நடுவில் நிற்கும் குரலும் கலையாது. நாதஸ்வரக் குத்தல் பாதி இதிலேயே குறைய வேண்டும்.

சேர்வராயன் மலை

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் காபித் தோட்டத்து வீட்டிலும் இதே மாதிரி எட்டு அங்குலம் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். சேலத்தில் செய்து மேலே கொண்டுவந்தேன். கீழே கேட்டதற்கும் இங்கே கேட்பதற்கும் வித்தியாசம் தெரிகிறது. 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் வருவதா? இன்னொன்று: தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் வெட்டிக் கிடக்கிறது. அதிலேயே பெட்டி செய்யலாமா?

ஓமலூர் ஒலி

உயரத்தால் மாறுவது உண்மை, ஆனால் சிறிது. சேலம் 280 மீட்டர் உயரம். அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. வாஸ் காற்றழுத்தத்தோடு சேர்ந்து மாறும். 30 லிட்டர் என்றது அங்கே 26-க்கு அருகே வரும். அதே 60 லிட்டர் பெட்டி கொஞ்சம் பெரிய பெட்டி போல நடந்துகொள்ளும், க்யூ 0.86-லிருந்து 0.84. காதுக்குத் தெரியாத மாற்றம். ஓசையும் ஒரு டெசிபல் போலக் குறையும், வால்யூமைத் தொட்டால் முடிந்தது.

ஒலியின் வேகம் உயரத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கும். 35 டிகிரியில் விநாடிக்கு 352 மீட்டர், 20 டிகிரியில் 343. வாய்ட் பைப் வைத்திருந்தாலும் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ்தான் நகரும்.

செவ்வாய்ப்பேட்டை கோன் மாஸ்டர்

நீங்கள் கேட்கும் வித்தியாசம் ஈரத்தால் வருவது. ஏற்காட்டிலிருந்து என்னிடம் வரும் ஸ்பீக்கர்களில் கோன் நமுத்துப் போயிருக்கும், கோனின் பின்பக்கம் பூஞ்சை, காந்தத் தகட்டில் துரு. காகிதம் ஈரம் குடித்தால் கனம் ஏறும், விறைப்பு போகும். மேல் ஸ்தாயி மந்தமாகும்.

மழைக்காலத்தில் பாட்டுக் கேட்காமல் பூட்டி வைப்பதுதான் பெரிய கெடுதல். தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், காயிலின் சூடே உள்ளே உலர வைக்கும். வெகுநாள் ஊரில் இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றி, கேமராவுக்குச் செய்வது போல, சின்ன பல்பு எரியும் அலமாரியில் வையுங்கள். மரத்தூள் பலகை, எம்.டி.எஃப். இரண்டும் மலைக்கு வேண்டாம். திருகு ஏறிய இடத்தில் உப்பிக்கொள்ளும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்கி, வெட்டிய ஓரங்களுக்கும் உள்பக்கத்துக்கும் சீலர் அடியுங்கள்.

சில்வர் ஓக்கை நன்றாக உலர்த்தி, ரீப்பராக அறுத்து உள்சட்டத்துக்கும் காலுக்கும் போடலாம். அகலப் பலகையாக முகத்துக்கு வைத்தால் மழைக்கு ஒரு பக்கமும் வெயிலுக்கு ஒரு பக்கமும் வளையும். மூடிய பெட்டியில் இடுக்கு விட்டால் காற்று சீறும்.

அம்மாபேட்டைக்காரன்

பெட்டியைத் தள்ளி, திருப்பி வைத்துவிட்டேன். நாதஸ்வரம் நன்றாக இறங்கிவிட்டது, உரத்து வைத்தால் மட்டும் இன்னும் ஒரு முனை குத்துகிறது. குரலுக்கு உடம்பு வந்திருக்கிறது, முழுதாக இல்லை. அடுத்தது என்ன?

குகை வால்வு ரேடியோ

இப்போது ஒரு காயிலும் ஒரு ரெசிஸ்டரும். இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்து, பாசிட்டிவ் வயரின் நடுவில் சேர்க்க வேண்டும். மேல் சுருதிகள் ரெசிஸ்டர் வழியாகப் போய்க் கொஞ்சம் குறையும். கீழே உள்ளவை காயில் வழியாகக் குறையாமல் போகும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 4 ஓம் வைத்தால் 3.5 டெசிபல். சுவர் ஏற்கெனவே உதவுவதால் 6 தேவையில்லை. 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் வாங்குங்கள்.

காயில் 1.6 மில்லிஹென்றி. இரும்பு உள்ளகம் இல்லாமல் காற்றுக் காயிலாகச் சுற்றலாம். போர்வெல் மோட்டார் காயில் கட்டும் கடையில் 18 கேஜ் எனாமல் செம்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள மர உருளை, இரண்டு பக்கமும் அட்டை, நடுவில் ஒரு அங்குல இடம். நெருக்கமாகச் சுற்றினால் 200 சுற்று வரும். ஒரு காயிலுக்கு 350 கிராம் கம்பி. அதன் மின்தடை அரை ஓம்தான், பாஸ் சுருதியைத் தின்னாது.

மீதமுள்ள அந்த முனையை அளந்து சொல்லுங்கள். மைக்கை ஒரு மீட்டர் தூரத்தில், நீங்கள் கேட்கும் கோணத்தில் வைத்து.

அம்மாபேட்டைக்காரன்

3200 ஹெர்ட்ஸ் அருகே மேடு. இரண்டு ஸ்பீக்கரிலும் அதே இடம்.

ஓமலூர் ஒலி

அது விஸ்ஸர் பெரிய கோனிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்ளும் இடம். முதலில் விஸ்ஸருக்கும் கோனுக்கும் நடுவில் பஞ்சு மெல்லிய வளையமாக வைத்துப் பாருங்கள். ஒட்ட வேண்டாம், தானே நிற்கும். பிடிக்கவில்லை என்றால் இடுக்கியால் எடுத்துவிடலாம்.

போதவில்லை என்றால் 0.3 மில்லிஹென்றி காயில், 8.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 6 ஓம் ரெசிஸ்டர், மூன்றையும் பக்கம் பக்கமாகக் கட்டி வயரின் நடுவில் போடுங்கள். கணக்குப்படி 3200-ஐ அழுத்தும். கெப்பாசிட்டருக்கு எங்கும் அலைய வேண்டாம். சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர் நல்ல பாலிபுரொப்பிலின் ஃபிலிம்தான். 2.5 இரண்டும் 3.15 ஒன்றும் இணையாகக் கட்டினால் 8.15. புதிதாக வாங்குங்கள், ஃபேனில் கழற்றியது வேண்டாம். பழையதில் அளவு குறைந்திருக்கும்.

அம்மாபேட்டைக்காரன்

இரண்டு காயிலும் சுற்றியாகிவிட்டது. மோட்டார் கடைக்காரரின் எல்.சி.ஆர். மீட்டரில் ஒன்று 1.6, இன்னொன்று 1.62. பஞ்சு வளையம் வைத்ததிலேயே மேடு தணிந்துவிட்டது. ஓமலூர் சொன்ன மூன்றையும் கட்டி வைத்திருக்கிறேன், இன்னும் சேர்க்கவில்லை, தேவைப்படவில்லை.

டி.எம்.எஸ். இப்போது முழு ஆளாக நிற்கிறார். ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்குவது கேட்கிறது. தவிலில் வலந்தலையின் விரல் தட்டலும் தொப்பியின் குச்சி அடியும் தனித்தனியாகப் பிரிகின்றன. பெரியப்பாவைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன், அவர் அந்த ரேடியோகிராமின் பாட்டை இருபது வருடத்துக்கு மேல் கேட்டவர். இதுதான் அது என்றார். டஸ்ட் கேப் அப்படியே இருக்கிறது.

புதிய காது

இந்த முடிவைப் படித்ததில் எனக்கு மகிழ்ச்சி. மாற்றுக் கிடைக்கும் புது ஸ்பீக்கரில் ஃபேஸ் பிளக் வைப்பதை விடமாட்டேன். பழைய ஜோடிக்கு மாஸ்டர் சொன்ன வழிதான் சரி. பெட்டிக்குள் என்ன நிரப்பினீர்கள்? இலவம்பஞ்சு போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை கோன் மாஸ்டர்

இலவம்பஞ்சு வேண்டாம். பறக்கும், ஈரம் பிடித்தால் கட்டியாகும், பூச்சி வரும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சைப் பிரித்து உதறி, பெட்டிக்குள் தளர்வாகப் போடுங்கள். ஸ்பீக்கரின் முதுகைத் தொடாமல் ஒரு பருத்தி வலை கட்டிவிடுங்கள்.

சேர்வராயன் மலைக்காரரும் இதே காயிலைச் சுற்றுவதாக இருந்தால், ரெசிஸ்டரையும் காயிலையும் பெட்டிக்குள் ஒட்டாமல் பின்பக்கம் வெளியே ஒரு மரக்கட்டையில் திருகி வைக்கச் சொல்கிறேன். மழை முடிந்து கோன் உலர்ந்ததும் மேல் ஸ்தாயி கூடும். அப்போது 4 ஓமை 5 ஆக்கிப் பார்க்க ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டியிருக்காது.